பொருந்துகிற அக்கா இருக்கும்போது வயதையும் பிரசவத்தையும் ஏன் துருவுகிறார்கள்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு 47 வயது, ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கியிருக்கிறது, அடுத்தது ஸ்டெம் செல் (ரத்த அணுக்கள் எல்லாவற்றையும் உண்டாக்கும் மூல செல்) மாற்று சிகிச்சை. கொடுக்க மூன்று பேர் இருக்கிறார்கள். எச்.எல்.ஏ., அதாவது செல்கள் மேல் உள்ள அடையாளப் புரதங்கள், முழுவதும் பொருந்துகிற அக்கா, வயது 55, மூன்று பிள்ளை பெற்றவர். பாதி பொருந்துகிற அண்ணன் மகன், வயது 22. கொடையாளர் பதிவேட்டில் கிடைத்த முன்பின் தெரியாத 28 வயது ஆண், அவரும் முழுப் பொருத்தம். "அக்காதான் பொருந்திவிட்டாரே, அப்புறம் எதற்கு வயது, பிரசவம், எப்போதோ வந்துபோன வைரஸ் என்று துருவுகிறார்கள்? ஸ்டெம் செல் யாருடையதாக இருந்தால் என்ன?"

அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல். பெயர் அப்படி இருப்பதால், பையில் ஸ்டெம் செல் மட்டும் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் ஒரு மாற்று சிகிச்சைப் பிரிவின் ஆய்வகத்தில் பல வருடம் செல் எண்ணியவன். கொடையாளரிடம் சேகரித்த பை வந்ததும் அதிலிருந்து துளி எடுத்து செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் ஓட்டுவோம். சி.டி.34 அடையாளம் கொண்ட ஸ்டெம் செல்கள் திரையின் மூலையில் சின்னப் புள்ளிக் கூட்டமாகத் தெரியும். பையில் உள்ள வெள்ளை அணுக்களில் நூற்றுக்கு ஒன்று, பல சமயம் அதற்கும் குறைவு. நோயாளியின் எடையில் கிலோவுக்கு 50 லட்சம் ஸ்டெம் செல் கிடைத்தால் நல்ல சேகரிப்பு. அதே பையில் கிலோவுக்குச் சுமார் 20 கோடி, சில சமயம் இன்னும் அதிகமாக, டி செல்கள் இருக்கும். அந்நியமானதைத் தேடித் தாக்கும் வெள்ளை அணுக்கள் அவை. என்.கே. செல், பி செல், மோனோசைட் போன்ற மற்ற வெள்ளை அணுக்கள் எல்லாம் தனிக் கணக்கு.

அந்த டி செல்கள் புதிதாகப் பிறந்தவை இல்லை. கொடையாளரின் உடம்பில் வருடக்கணக்கில் வாழ்ந்து, அவர் சந்தித்த கிருமிகளையும், பெண்ணாக இருந்தால் அவர் சுமந்த பிள்ளைகளையும் பார்த்துப் பழகியவை. அந்த அனுபவத்தோடுதான் உங்கள் அண்ணனின் ரத்தத்துக்குள் போகப்போகின்றன.

ஆகவே கொடையாளரின் குணம் நோயாளிக்குள் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, பையில் ரெடிமேடாக வரும் முதிர்ந்த செல்கள். முதல் சில மாதங்களுக்கு டி செல் பாதுகாப்பு பெரும்பாலும் இவற்றை நம்பித்தான். முன்பே கீமோ காலிசெய்த உடம்புக்குள் வந்ததும் இவை வேகமாகப் பெருகி இடத்தை நிரப்பும். இரண்டாவது, ஸ்டெம் செல்லிலிருந்து புதிதாக உருவாகிறவை. என்.கே. செல்கள் முதல் மாதத்திலேயே தலைகாட்டும். பி செல்கள் தேற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிக்கும். புது டி செல்கள்தான் தாமதம், ஏனென்றால் அவை நோயாளியின் தைமஸ் சுரப்பிக்குள் போய்ப் பயிற்சி பெற்று வர வேண்டும். 47 வயதில் தைமஸ் ஏற்கெனவே சுருங்கிப்போயிருக்கும், கீமோவும் அதை அடித்திருக்கும். அவற்றில் சி.டி.4 என்ற வகை டி செல்கள் இயல்பு நிலைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆவது சகஜம். வயது, பிரசவம், வைரஸ் என்று எதைக் கேட்டாலும், இந்த இரண்டு வழிகளில் எதன் வழியாக அது வேலை செய்கிறது என்று பாருங்கள், பாதி குழப்பம் தீரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரத்தப் புற்றுநோயில் கொடையாளர் நோயாளியைப் போலவே அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று நாம் விரும்புவதில்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டையர் கொடுத்தால் ஜி.வி.எச்.டி., அதாவது கொடையாளரின் செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும் தொல்லை, கிட்டத்தட்ட இருக்காது. ஆனால் நோய் திரும்பி வருவது அதிகம். இது 1990-இல் வெளியான பெரிய ஆய்விலேயே தெளிவாகிவிட்டது. கொஞ்சம் வேற்றுமை இருந்தால்தான் மிச்சம் மீதி புற்றணுக்களைக் கொடையாளரின் செல்கள் அடையாளம் கண்டு கொல்லும். அதே வேற்றுமைதான் ஜி.வி.எச்.டி.யையும் கொண்டுவரும். மருத்துவர்கள் உங்களிடம் கேட்கும் கேள்விகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று பார்ப்பதற்குத்தான்.

வயதிலிருந்து ஆரம்பிக்கலாம், அதற்குத்தான் கனம் அதிகம். இருபதுகளில் இருப்பவரின் சி.டி.8 என்ற வகை டி செல்களைத் திரையில் பார்த்தால் ஒரு மூலையில் அடர்த்தியாக ஒரு மேகம் இருக்கும். சி.டி.45ஆர்.ஏ., சி.சி.ஆர்.7 என்ற இரண்டு அடையாளங்களும் உள்ள செல்கள் அவை. இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத கன்னி டி செல்கள். ஐம்பதைத் தாண்டியவரின் மாதிரியில் அந்த மேகம் மெலிந்து, வேறு மூலையில் சி.சி.ஆர்.7 இழந்த செல்கள் குவிந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒரு சில பழைய எதிரிகளுக்காகவே பெருகி நிற்பவை. மாதிரிக் குழாயில் வயது எழுதியிருக்காது, ஆனாலும் பழகிய கண்ணுக்குத் தோராயமாகத் தெரிந்துவிடும். என்னுடன் வேலை பார்த்தவர்கள் இதில் பந்தயம் கூடக் கட்டியிருக்கிறார்கள்.

கன்னி டி செல்கள் குறைந்தால் புதிதாக வரும் கிருமியையோ தடுப்பூசியையோ அடையாளம் காண ஆள் குறைவு என்று அர்த்தம். அதே சமயம், ஜி.வி.எச்.டி.யைக் கிளப்புவதில் முன்னணியில் நிற்பதும் இந்தக் கன்னி செல்கள்தான் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். சியாட்டிலில் ஒரு குழு பையிலிருந்து இவற்றை மட்டும் வடிகட்டிவிட்டுக் கொடுத்துப் பார்த்தது, நாள்பட்ட ஜி.வி.எச்.டி. நன்றாகவே குறைந்தது. அப்படியானால் இளைய கொடையாளர்தானே ஆபத்து என்று கேட்பீர்கள். நோயாளிகளின் கணக்கு நேர்மாறாக இருக்கிறது: இளையவரிடம் வாங்கியவர்கள்தான் நன்றாக இருக்கிறார்கள். உறவினர் அல்லாதவர்களின் ஸ்டெம் செல் பெற்ற நோயாளிகளை வைத்து 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எச்.எல்.ஏ.வுக்கு அடுத்தபடியாகப் பிழைப்பைப் பாதித்த ஒரே குணம் கொடையாளரின் வயதுதான். ஒவ்வொரு பத்து வயது கூடும்போதும் இறப்பு அபாயம் 5.5 சதவீதம் ஏறியது. வயது என்பது ஒரே ஒரு செல் வகையின் எண்ணிக்கை இல்லை. ஸ்டெம் செல்லின் தரம், அழற்சியின் அளவு, டி செல் வகைகளின் விகிதம் எல்லாம் சேர்ந்து மாறுகின்றன.

ஸ்டெம் செல் பக்கத்திலும் வயது ஒரு வேலை செய்கிறது. வயதாக ஆக, எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு ஸ்டெம் செல்லில் டி.என்.எம்.டி.3ஏ அல்லது டெட்2 மரபணுவில் மாற்றம் வந்து, அதன் வாரிசுகள் மட்டும் கூட்டமாகப் பெருகும். எழுபதைக் கடந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கும், நாற்பதுக்குக் கீழே அபூர்வம். அவர்கள் ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள். கொடுக்கும்போது அந்தக் கூட்டமும் கூடவே நோயாளிக்குள் குடியேறும். அதிலிருந்து வரும் வெள்ளை அணுக்கள் சற்று அதிகமாக அழற்சியைக் கிளப்பும் சுபாவம் கொண்டவை. டி.என்.எம்.டி.3ஏ மாற்றம் உள்ள கொடையாளரிடம் வாங்கியவர்களுக்கு நாள்பட்ட ஜி.வி.எச்.டி. கூடுதலாகவும், நோய் திரும்புவது குறைவாகவும் இருந்ததை ஆய்வுகள் காட்டின. கெட்டது என்று ஒதுக்கவும் முடியாது, நல்லது என்று தேடிப்போகவும் முடியாது.

அடுத்து, அக்காவிடம் பிரசவக் கணக்குக் கேட்டது. இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு எலும்பு மஜ்ஜை செயலிழந்துபோய், எச்.எல்.ஏ. முழுவதும் பொருந்திய தம்பியோ அண்ணனோ ஒருவரின் மஜ்ஜையைக் கொடுத்தார்கள். அவள் உடம்பு அதை நிராகரித்துவிட்டது. ஏன் என்று நெதர்லாந்தின் லைடன் நகரில் எல்ஸ் கூல்மி ஆராய்ந்தபோது, அந்தப் பெண்ணின் டி செல்கள் ஆண்களின் செல்களை மட்டும் தேடிக் கொல்வது தெரிந்தது. 1976-இல் வெளியான செய்தி இது. ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் சில புரதங்களை உண்டாக்குகிறது. பெண்ணின் உடம்புக்கு அவை அந்நியம். எச்.எல்.ஏ. பொருந்தினாலும் இந்தப் பொருத்தம் கிடையாது.

இப்போது திசையைத் திருப்புங்கள்: பெண் கொடுக்கிறார், ஆண் வாங்குகிறார். உடம்பு முழுக்க ஆண் செல்கள் உள்ள இடத்துக்குள் அவற்றை அந்நியமாகப் பார்க்கக்கூடிய டி செல்கள் போய் இறங்குகின்றன. அந்தப் பெண் மகனைச் சுமந்தவர் என்றால் அவருடைய செல்களுக்கு இதில் முன்னனுபவமே உண்டு. கர்ப்பத்தின்போது குழந்தையின் செல்கள் தாயின் ரத்தத்துக்குள் கசிகின்றன. அவை பிரசவத்தோடு மறைந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மகன் பிறந்து 27 வருடம் ஆன ஒரு தாயின் ரத்தத்திலும் ஆண் செல்கள் இருந்ததை 1996-இல் டயானா பியாங்கியின் குழு காட்டியது. மகள்கள் மட்டுமே பெற்றவராக இருந்தாலும் விஷயம் முழுதாக நீங்கிவிடாது. குழந்தையிடம் தந்தை வழியாக வந்த மற்ற சின்னச் சின்னப் புரதங்களும் தாய்க்கு அந்நியம்தான். அதனால்தான் பிள்ளை பெற்ற பெண்ணின் செல்கள் பெண் நோயாளிக்கே நாள்பட்ட ஜி.வி.எச்.டி.யைக் கூட்டுகின்றன. ஆண் நோயாளிக்கு இன்னும் கூடுதல். பதிலுக்கு, புற்றுநோய் திரும்புவது சற்றுக் குறைகிறது. உங்கள் அக்கா, அண்ணன் விஷயம் அப்படியே இதுதான்.

இதைக் கேட்டு அக்கா மனம் நோக வேண்டாம். தன் உடம்பில் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். குறை ஒன்றும் இல்லை. நன்றாக வேலை செய்கிற நோய் எதிர்ப்பு சக்தி, அவ்வளவுதான்.

வைரஸ் பற்றிய கேள்வி பெரும்பாலும் சி.எம்.வி.யைப் பற்றியது, அதாவது சைட்டோமெகலோ வைரஸ். சின்ன வயதில் சாதாரணக் காய்ச்சல் போல வந்து, பிறகு வாழ்நாள் முழுக்க உடம்பில் பதுங்கியிருக்கும். அதைக் கட்டுக்குள் வைத்திருக்கவே நோய் எதிர்ப்பு சக்தி பெரும் செலவு செய்கிறது. தொற்று உள்ளவர்களின் நினைவு டி செல்களில் சராசரியாகச் சுமார் பத்தில் ஒன்று இந்த ஒரே வைரஸுக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். நோயாளிக்கு ஏற்கெனவே சி.எம்.வி. இருந்து, கொடையாளருக்கு இல்லையென்றால், வைரஸ் விழித்துக்கொள்ளும் சமயத்தில் அதைத் தெரிந்த ஒரு செல் கூடப் பையில் இருக்காது. கொடையாளருக்கும் இருந்தால் பயிற்சி பெற்ற படை கூடவே வந்துவிடும். நோயாளிக்கு இல்லாதபோது கணக்கு தலைகீழாகும்: இருக்கிற கொடையாளரிடம் வாங்கினால் படையோடு வைரஸும் வந்து சேரும், அதனால் இல்லாதவரைத் தேடுவார்கள். 2017-இல் லெட்டர்மோவிர் என்ற தடுப்பு மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு இந்தப் பொருத்தத்தின் கடுமை ஓரளவு குறைந்திருக்கிறது. ஆனாலும் மாத்திரையை நிறுத்தும் நாள் வரும், அன்றைக்கு யாராவது காவலுக்கு நிற்க வேண்டும்.

என்.கே. செல்கள் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள், கே.ஐ.ஆர். (என்.கே. செல் மற்ற செல்களைச் சோதிக்கப் பயன்படுத்தும் உணர்விகள்) மரபணுப் பரிசோதனை என்று இணையத்தில் பரபரப்பாக எழுதுகிறார்கள். விஷயம் சுவையானதுதான். என்.கே. செல், "எனக்குப் பழக்கமான எச்.எல்.ஏ. உன்னிடம் இருக்கிறதா?" என்று பார்க்கும், இல்லாவிட்டால் கொன்றுவிடும். இத்தாலியின் பெருஜியா நகரக் குழு 2002-இல், பாதி பொருந்தும் கொடையாளரின் இப்படிப்பட்ட என்.கே. செல்கள் ஏ.எம்.எல். திரும்பாமல் தடுப்பதைக் காட்டியது. கே.ஐ.ஆர். மரபணுக்கள் 19-ஆவது குரோமோசோமில் இருக்கின்றன, எச்.எல்.ஏ. 6-ஆவதில். ஆகவே எச்.எல்.ஏ. முழுவதும் பொருந்திய உடன்பிறப்புகளுக்கே கே.ஐ.ஆர். வேறாக இருக்கலாம். ஆனால் பெருஜியாவில் டி செல்களை அகற்றிவிட்டுக் கொடுத்தார்கள். வேறு முறையில் செய்த இடங்களில் முடிவுகள் ஒத்துவரவில்லை. மற்றதெல்லாம் சமமாக இருக்கும் இரண்டு பேரில் ஒருவரைப் பிரிக்க வேண்டுமானால் பார்க்கலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

ரத்த வகை பொருந்தாதது பெரிய தடை இல்லை. சில மாதங்களில் அண்ணனின் ரத்த வகை கொடையாளரின் வகையாகவே மாறிவிடும்.

கொடையாளரின் குணம் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு ஒரு எல்லைக் கோட்டு உதாரணம் சொல்கிறேன். திமோதி பிரவுனுக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது, ஏ.எம்.எல்.லும் இருந்தது. பெர்லினில் கெரோ ஹூட்டர் என்ற மருத்துவர், சி.சி.ஆர்.5 என்ற வாசல் இல்லாத டி செல்கள் கொண்ட கொடையாளரைத் தேடிப்பிடித்து 2007-இல் மாற்று சிகிச்சை செய்தார். எச்.ஐ.வி. டி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்துகிற வாசல் அது. புது டி செல்கள் எல்லாம் வாசலில்லாமல் பிறந்தன, வைரஸ் திரும்பவே இல்லை. இதே போலக் கொடையாளரின் ஒவ்வாமை நோயாளிக்கு வந்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்ட ஒன்று திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போனால், கொடையாளருக்கு அது இருந்ததா என்று விசாரிப்பது முட்டாள்தனமான கேள்வி இல்லை.

சரி, உங்கள் மூன்று பேருக்கு வருகிறேன். அக்காவின் பலம், எச்.எல்.ஏ. உண்மையிலேயே முழுமையாகப் பொருந்துவது. பதிவேட்டு ஆளின் எச்.எல்.ஏ. பொருத்தத்தைச் சொல்லும் "பத்துக்குப் பத்து" என்ற கணக்கில் பெரும்பாலும் டி.பி.பி.1 என்ற எச்.எல்.ஏ. இடம் சேராது, அங்கே உறவில்லாதவர்கள் பெரும்பாலும் பொருந்துவதும் இல்லை. அந்தப் பொருத்தமின்மை தாங்கக்கூடிய வகையா, தாங்க முடியாத வகையா என்று தனியாகப் பார்ப்பார்கள். அக்காவுக்கு எதிராக நிற்பவை வயதும், பிரசவங்களும், பெண்ணின் செல்கள் ஆணுக்குப் போவதும். பதிவேட்டு இளைஞருக்கு இந்த மூன்றும் இல்லை. ஆனால் அவரை அழைத்து, உடல் பரிசோதனை செய்து, சேகரித்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை நோய் அடங்கியிருக்க வேண்டும்.

மகனை "பாதிதானே" என்று ஒதுக்கும் காலம் போய்விட்டது. செல்களைக் கொடுத்த மூன்றாவது, நான்காவது நாளில் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தைக் கொடுக்கும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு பரவலாக்கியது. நோயாளியின் உடம்பை அந்நியமாகப் பார்த்து ஆவேசமாகப் பெருக ஆரம்பித்த டி செல்களை அந்த மருந்து அந்த வேகத்திலேயே அடிக்கும். அமைதியாக இருக்கும் ஸ்டெம் செல்களும், கட்டுப்படுத்தும் வகை டி செல்களும் தப்பிவிடும். இந்த முறை இப்போது முழுப் பொருத்தமான கொடையாளர்களுக்கும் வந்துவிட்டது. மகனுக்கு வயது சாதகம், ஆண் என்பதும் சாதகம். பாதகமும் ஒன்று உண்டு. புற்றணுக்கள் சில சமயம் பொருந்தாத அந்தப் பாதி எச்.எல்.ஏ.வையே உதறிவிட்டு, மகனின் டி செல்களின் கண்ணில் படாமல் திரும்பி வரும். மிலான் குழு 2009-இல் இதைப் படம்பிடித்தது போலக் காட்டியது. அப்படித் திரும்பினால் அதே மகனின் செல்களை மறுபடி ஏற்றுவதால் பெரிதாகப் பயனில்லை, வேறு கொடையாளர்தான் வேண்டும்.

எதிலிருந்து எடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ரத்தத்திலிருந்து சேகரித்தால் மஜ்ஜையில் இருப்பதைவிடச் சுமார் பத்து மடங்கு டி செல் வரும். உறவில்லாத கொடையாளர்களை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், இரண்டு வருடத்தில் நாள்பட்ட ஜி.வி.எச்.டி. ரத்தம் வழியாக வாங்கியவர்களில் 53 சதவீதம், மஜ்ஜை வாங்கியவர்களில் 41 சதவீதம். செல்கள் வேரூன்றாமல் போனது மஜ்ஜையில் 9 சதவீதம், ரத்தத்தில் 3. பிழைத்தவர்கள் கணக்கில் வித்தியாசம் இல்லை. அக்காவே கொடுப்பதாக முடிவானால், மஜ்ஜை எடுப்பதா என்ற பேச்சு எழுவது இதனால்தான்.

என் சாய்வைக் கேட்டால், நேரம் இருக்குமானால் 28 வயதுக்காரர், இல்லையென்றால் அக்காவும் மகனும் கிட்டத்தட்ட ஒரே தட்டில். நோயின் மரபணு அபாயமும் அண்ணனின் உடல்நிலையும் தெரிந்த உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு. மகனைப் பற்றி யோசிக்கும்போது ஒரு பரிசோதனை முடிவை மட்டும் கேட்டு வாங்குங்கள். கீமோ காலத்தில் ஏற்றிய ரத்தமும் தட்டணுக்களும் காரணமாக, மகனின் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி அண்ணனின் உடம்பில் உருவாகியிருக்கலாம். அது அதிகமாக இருந்தால், வயதும் பாலினமும் எவ்வளவு சாதகமாக இருந்தாலும் மகனின் ஸ்டெம் செல்கள் வேரூன்றுவதற்கு முன்பே அழிக்கப்படக்கூடும். அளவைக் குறைக்கச் சிகிச்சைகள் உண்டு, ஆனால் அவற்றை முன்கூட்டியே தொடங்க வேண்டும். ரத்த மாதிரி கொடுத்தாயிற்றா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.